இருபத்தைந்து கிராம்

ஜூன் 18, செவ்வாய்

நறுமுகை சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லி மதுரை டாக்டர் ரெஹானா ஆரம்பித்துவைத்த பழக்கம் இது. இது பதினோராவது நோட்டு. இடப்பக்கம் முழுக்க என் மகளின் வாய்க்குள் போனவை, கிராம் கணக்கில். வலப்பக்கம் எல்லா நோட்டிலும் சும்மாவே கிடந்தது. இனி கிடக்காது. என் வயிற்றெரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும்.

காலையில் சென்னை ஏஜெண்ட் போன் செய்தான். பொடி வந்துவிட்டதாம். ஆனால் கைக்கு வராதாம். துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"சார், அவங்க இத பாடி பில்டர் பவுடர்னு நெனைக்கிறாங்க. டெஸ்டுக்கு அனுப்பணுமாம்."

பாடி பில்டர்! முகைக்கு ஆறு வயது. பதினெட்டு கிலோ. பள்ளிப் பையைத் தூக்கினால் பின்பக்கம் சாய்கிறாள்.

அந்த ஆபீசருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். ஐயா, புரதத்தில் ஃபினைலலனின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. உங்கள் உடம்பும் என் உடம்பும் அதைக் கரைத்துவிடும். என் மகளின் உடம்புக்கு அது முடியாது. தேங்கி மூளைக்கு ஏறும். ஆகவே அவளுக்குப் பால் இல்லை, பருப்பு இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. சோறுகூட அளந்துதான். புரதம் இல்லாமல் பிள்ளை எப்படி வளரும்? அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மற்ற அமினோ அமிலங்களை எல்லாம் சேர்த்து வெளிநாட்டில் ஒரு பொடி செய்கிறார்கள். அதுதான் அவளுக்குப் பால், பருப்பு, முட்டை எல்லாம். ஒரு வேளைக்கு இருபத்தைந்து கிராம், மூன்று வேளை. ஊறவைத்து மறந்துபோன சாக்கு மாதிரி நாறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். எந்த பாடி பில்டர் ஐயா இதைக் குடிப்பான்?

கையில் இரண்டு டப்பா. ஆயிரம் கிராம். பதின்மூன்று நாள்.

ஜூன் 20, வியாழன்

நான் முத்திரை ஆய்வாளர். திண்டுக்கல்லில் எந்தக் கடைத் தராசும் என் முத்திரை இல்லாமல் ஆடக்கூடாது. இன்று ஒரு மீன் கடையில் தட்டுக்கு அடியில் காந்தம். பிடித்தேன். அந்த ஆள் சிரிக்கிறான்.

"நூறு கிராம்தான சார். யாருக்குத் தெரியப்போகுது?"

"வாங்கிட்டுப் போறவன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்யா" என்றேன். தராசைப் பறிமுதல் செய்து வழக்கு எழுதினேன். குறைத்துக் கொடுப்பவன்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் திருடன்மேல்கூட இல்லை. திருடனாவது முகத்தை மறைக்கிறான். இவன் "வாங்கண்ணே" என்று கூப்பிட்டுக் குறைக்கிறான்.

ஜூன் 22, சனி

ஜிம் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். ஒருவேளை அங்கே ஏதாவது வழி இருக்குமோ என்ற நப்பாசை. சுவர் முழுக்கச் சட்டையில்லாத ஆண்கள். "அமினோ" என்று கொட்டை எழுத்தில் அண்டா அண்டாவாக டப்பாக்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுவும் அமினோதான் சார். பாப்பாவுக்குன்னா அரை ஸ்கூப் குடுங்க. நல்லா புஷ்டியாயிரும்."

பின்பக்கம் படித்தேன். பட்டியலில் ஃபினைலலனின் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சதை போடும். என் மகளுக்கு அது விஷம். இந்த டப்பாவுக்குக் கடல் வழி விடுகிறது, துறைமுகம் வழி விடுகிறது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழி விடுகிறது. என் மகளின் டப்பாவைத்தான் கைதி மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

டப்பாவில் இறக்குமதியாளர் முகவரி இல்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தேன். மனசு கொஞ்சம் ஆறியது.

ஜூன் 24, திங்கள்

துறைமுக அலுவலகத்துக்கு நானே பேசினேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு அம்மா வந்தார்.

"சார், படிவத்துல 'அமினோ அமில உணவுத் துணைப்பொருள்'னு போட்டிருக்கு. அப்படிப் போட்டா டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும். முன்னாடி எல்லாம் 'நோயாளிக்கான சிறப்பு மருத்துவ உணவு'னு வந்திருக்கே. இந்தத் தடவை யார் மாத்தினது?"

நான்தான். எங்களோடு சேர்ந்து வரவழைக்கும் கோயம்புத்தூர் ஃபரூக் பாய்தான் எப்போதும் படிவம் எழுதுவார். அவர் மகனுக்கும் இதே நிலைமை. இந்த முறை நான் வாங்கிப் பார்த்தேன். டப்பாவின் மேல் ஒன்று இருக்க, படிவத்தில் வேறொன்று இருந்தது. லேபிளில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது சட்டம். பொட்டலத்தில் ஒன்று, பில்லில் ஒன்று என்று எழுதுபவர்களைத்தானே இருபது வருடமாக நான் பிடிக்கிறேன்? அவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். ஆகவே சரியாக எழுதியதற்குத்தான் இந்தத் தண்டனை. நாட்டில் நேர்மைக்கு இதுதான் மரியாதை.

சோதனை முடிய மூன்று வாரமாம்.

சிறு விஷயம். வீட்டில் பொடி நிறுக்கும் தராசின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். அதுவரை பொடியைக் கரண்டியில் போடுகிறேன், மேலாகத் தட்டிவிட்டு. தராசுக்கே அனுமதிக்கப்பட்ட பிழை என்று சட்டத்தில் ஒன்று உண்டு. டாக்டர்களும் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். பசித்தால் ஜவ்வரிசி உப்புமா கொடுத்துக்கொள்ளலாம், அதில் புரதமே கிடையாது.

ஜூன் 26, புதன்

முகை இன்று ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். "இப்பல்லாம் நாத்தம் கம்மியா இருக்குப்பா" என்றாள். மூக்கைக்கூடப் பிடிக்கவில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

ஃபினைலலனின் அளவு பார்க்க மாதாந்திர ரத்தச் சொட்டு. விரலில் குத்தி அட்டையில் வைத்து ஆய்வகத்துக்குத் தபாலில் போட்டாயிற்று. என் மனைவி பூங்கொடி தபால் ஆபீசில் வேலை பார்ப்பதில் இது ஒரு சௌகரியம். காலை எட்டுக்கே அவள் கிளம்பிவிடுவதால் பொடி கலக்குவது என் பொறுப்பு.

டம்ளரைக் கழுவும்போது கேட்டாள்: "ஏங்க, தண்ணியா இருக்கே?"

"புது டப்பா. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஜூன் 29, சனி

ஃபரூக் பாய் பேசினார். "சார், கையில எத்தன டப்பா இருக்குதுங்க? எங்கிட்ட நாலு கூடவே இருக்குது. பையனுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்குவனுங்க. ரெண்டு பார்சல் போட்டு உடட்டுங்களா?"

தாராளமாக இருக்கிறது என்றேன். படிவம் தப்பு என்று அந்த மனிதருக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தவன் நான். இப்போது டப்பாவுக்குக் கையேந்தவா? இன்னும் இரண்டு வாரம்தானே.

ஜூலை 2, செவ்வாய்

பதினொன்று!

ஆறுக்குள் இருக்க வேண்டியது. போன மாதம் நாலே முக்கால். ஆய்வகத்திலிருந்து செய்தி பார்த்ததும் ஆபீசிலேயே எழுந்து நின்றுவிட்டேன். யாரோ என் பிள்ளைக்கு எதையோ கொடுத்திருக்கிறார்கள். பாலோ, பருப்போ, முட்டையோ. "ஒரு வாய்தானே, பாவம் பிள்ளை" என்று சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்களில் ஒருவர். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

டீச்சரும் சொன்னார், ஒரு வாரமாக முகை சிடுசிடுவென்று இருக்கிறாளாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம்.

ஜூலை 3, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் அவள் பையில் நோட்டு எடுக்கும்போது கையில் குத்தியது. முட்டை ஓடு! தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"ஏதுடி இது?"

"சவரியம்மா அக்கா குடுத்தாங்க."

அவ்வளவுதான். அரசு ஊழியன் பிள்ளை அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று கொள்கையோடு சேர்த்தவன் நான். அவள் சாப்பாடு வீட்டிலிருந்து போகிறது, சத்துணவு வேண்டாம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதியம் நேராகச் சமையல்கூடத்துக்குப் போனேன். சமையல் உதவியாளர் சவரியம்மாள் அன்னக்கூடையோடு நிற்கிறார். பக்கத்திலேயே, முட்டைத் தட்டுக்கு இந்தப் பக்கம், என் மகள்! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"எம்பொண்ணுக்கு முட்டை குடுத்தியாம்மா நீ?"

"இல்லங்க சார், அந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே குடுத்திருக்க! மூளைய அழிக்கிற வேலைம்மா இது!"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். வாசலில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். தலைமை ஆசிரியை என்னை உள்ளே கூட்டிப் போனார். எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். நான்கு பக்கம், பிரிவு பிரிவாக.

ஜூலை 4, வியாழன்

முகையை இனி விசாரணை முடியும்வரை பள்ளிக்கு அனுப்பப்போவதில்லை. எனக்கு இரண்டு வார லீவு இருக்கிறது.

"நான் முட்ட சாப்பிடலப்பா" என்கிறாள். நூறு தடவை சொல்லிவிட்டாள்.

"பொய் சொல்லாத" என்றேன். பிறந்ததிலிருந்து அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பூங்கொடி சமையலறையிலிருந்து வந்தாள். "ஓட்டுல கலர் அடிச்சு பொம்மை செய்யச் சொல்லி டீச்சர் கேட்டிருக்காங்க. கிளாஸ்ல எல்லாப் பிள்ளைக்கும்தான் ஓடு குடுத்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அப்ப பதினொண்ணு எப்படி வந்துச்சு? அதச் சொல்லு."

அவள் போய் முகையின் போர்வையைச் சரிசெய்தாள்.

ஜூலை 8, திங்கள்

விசாரணை முடியும்வரை சவரியம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நியாயம் மெதுவாக வந்தாலும் வருகிறது.

முகை மெலிந்திருக்கிறாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

போன வெள்ளிக்கிழமை அனுப்பிய அட்டையின் முடிவு. பதினாறு.

ஒரு அடிப்படைக் கேள்வி கேட்கிறேன். அந்த ஆய்வகத்தின் கருவிகளை யார் பரிசோதிக்கிறார்கள்? யார் முத்திரை வைக்கிறார்கள்? வீட்டுக்குள்ளேயே, என் கண் முன்னாலேயே இருக்கும் பிள்ளைக்குப் பதினாறு வருகிறது என்றால் பிழை அங்கேதான் இருக்க வேண்டும்.

டாக்டர் ரெஹானா நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். நோட்டையும், இருக்கும் பொடியையும் எடுத்துக்கொண்டு.

ஜூலை 12, வெள்ளி

மதுரையிலிருந்து திரும்பி இதை எழுதுகிறேன். விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

டாக்டர் முதலில் முகையைப் பார்த்தார். கை காலைத் தட்டினார், விளக்கை அசைத்து அதையே பார்க்கச் சொன்னார். பிறகு அவளை வெளியே நர்சிடம் அனுப்பிவிட்டு நோட்டை வாங்கினார். நான் என் வழக்கை ஆரம்பித்தேன். துறைமுகம், முட்டை ஓடு, ஆய்வகம். அவர் கேட்டுக்கொண்டே இடப்பக்கங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இருபத்து மூணாந்தேதி வரைக்கும் பவுடர் இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு, இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் மூணு வேளைன்னு மட்டும் இருக்கு. கிராம் எங்க சார்?"

"தராசு பேட்டரி..." என்றேன்.

"பதினெட்டாந்தேதி ரெண்டு டப்பா இருந்ததா எழுதியிருக்கீங்க. புதுசா வரல. ரெண்டு டப்பா பதிமூணு நாளைக்கு மேல தாங்காது. இன்னிக்கு இருபத்தஞ்சாவது நாள்." மேஜைமேல் இருந்த டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். "இது எப்படி சார் இன்னும் மிச்சம் இருக்கு?"

கடைகளில் நான் கேட்கும் கேள்வி அது. வரவு இவ்வளவு, விற்றது இவ்வளவு, அப்புறம் இருப்பு எப்படி என்று கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம் இன்று எனக்கு இருந்திருக்கும்.

பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. நோட்டை இழுத்தாள். வலப்பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தாள். மீன் கடை, ஜிம் கடை, படிவம், ஃபரூக் பாய், எல்லாவற்றையும். தடுக்க எனக்குக் கை வரவில்லை.

"கொஞ்சம் கம்மியா குடுத்தேன் டாக்டர். கொஞ்சம் பசிக்கும், அவ்வளவுதானேன்னு... அந்தப் பொடியிலதான் ஃபினைலலனினே கிடையாதே? அதக் குறைச்சா எப்படி ரத்தத்துல கூடும்?"

"எத்தன கிராம்?"

"முதல்ல பதினஞ்சு இருக்கும். அப்புறம் எட்டு... சில நாள் ஆறு."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"புரதம் வெளியிலருந்து வரலேன்னா உடம்பு சும்மா இருக்காது சார். தன் சதையையே கரைச்சு எடுத்துக்கும். அவ சதையிலயும் அந்த ஃபினைலலனின் இருக்கு. அது ரத்தத்துல வந்து சேரும். யாரும் அவளுக்கு முட்டை குடுக்கல. மூணு வாரமா அவ அவளையே சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா."

நான் என்ன செய்தேன் என்பதை ஒரு வரியாவது ஒழுங்காக எழுத வேண்டும். பேட்டரி தீரவில்லை. தராசை நான்தான் பீரோவுக்கு மேலே எடுத்து வைத்தேன். எண் கண்ணில் படக்கூடாது என்று வைத்தேன். என் மகளுக்கு நான் எடை குறைத்துக் கொடுத்தேன்.

"இறங்கிடும்" என்றார் டாக்டர். "இன்னிக்கே முழு அளவு ஆரம்பிங்க. மூணு வாரங்கறதால தப்பிச்சோம். மூணு மாசம் ஆகியிருந்தா இந்த வார்த்தைய நான் சொல்லியிருக்க மாட்டேன்."

தன்னிடம் இருந்த ஒரு டப்பாவைக் கொடுத்தார். பஸ்ஸில் முகை அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வாடிப்பட்டி தாண்டும்போது பூங்கொடி திரும்பாமலே பேசினாள்.

"குறைச்சீங்க, சரி. பயத்துல குறைச்சீங்க. ஆனா பிள்ளைய பொய் சொல்றான்னீங்களே, அத என்ன செய்யப் போறீங்க?"

ஜூலை 13, சனி

25. 25. 25.
இனிமேல் இடப்பக்கம் நான் எழுதுவேன். இந்தப் பக்கமும் இன்று ஒரு வரி. ஃபரூக் அண்ணனுக்கு நானே போன் பண்ணிட்டேன். ரெண்டு டப்பா பஸ் பார்சலில் வருது. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கல.
பூங்கொடி

ஜூலை 15, திங்கள்

துறைமுகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சோதனை முடிந்ததாம். பாடி பில்டர் பொடி அல்ல என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். வேறு ஒரு நாளாக இருந்தால் இதற்கே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

பள்ளிக்குப் போனேன். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஒரே பத்தியில் எழுதியிருந்தேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டுச் சவரியம்மாளுக்கு ஆள் அனுப்பினார். சவரியம்மாள் பன்னிரண்டரைக்கு வந்தார். வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு சமையல்கூடத்துக்குள் போய்விட்டார், நான் நிற்பதையே பார்க்காதவர் மாதிரி. பின்னாலேயே போய்த் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன்.

"அம்மா, தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கண் சிவந்திருந்தது.

"சார், அன்னிக்கு நீங்க கத்துனப்ப இங்க நூத்திப்பத்து பிள்ளைக இருந்துச்சு. வாசல்ல தாய்மாருக இருந்தாக. பத்து நாளா எந் தெருவுல என்னைய பிள்ளைக்கு விசம் வச்சவன்னு பாக்குறாக. இப்ப வந்து எங் காதுக்குள்ள மன்னிப்பா? அன்னிக்கு எந்தச் சத்தத்துல சொன்னீகளோ அதே சத்தத்துல சொல்லுங்க."

வெளியே வரிசை நின்றிருந்தது. தாய்மார்களும் இருந்தார்கள். அன்று நின்ற அதே இடத்தில் நின்றேன். கத்துவது எனக்குப் புதிதல்ல. சந்தை நடுவில் கத்திக் கடையை மூட வைத்திருக்கிறேன். ஆனால் முதல் வார்த்தை வெளியே வர நேரம் பிடித்தது.

"சவரியம்மா எம்பொண்ணுக்கு முட்டை குடுக்கல! எம்பொண்ணு சாப்பிடவும் இல்ல, பொய் சொல்லவும் இல்ல! அவளுக்குக் குடுக்க வேண்டியத நாந்தான் குறைச்சுக் குடுத்தேன்! தப்பு என்னுது!"

பின்னால் சவரியம்மாள் பேசினார், என்னிடம் இல்லை, எல்லோரிடமும்.

"முட்ட போடுற நேரம் அந்தப் பிள்ள ஏங்கிப் பாக்குமேன்னு எம் பக்கத்துல நிறுத்தி வச்சுக் கதை சொல்லிக்கிட்டிருப்பேன். அதுதான் நான் செஞ்ச குத்தம். பதினஞ்சு வருசமா இந்தக் கையால போடுறேன் சார். ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கரண்டி குறைச்சுப் போட்டதில்ல."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கும்பிட்டேன். "சரி போங்க, சோறு ஆறுது" என்று திரும்பிக்கொண்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று முகை பள்ளிக்குப் போகிறாள். பூங்கொடிக்கு இன்று ஏழரைக்கே வேலை. கிளம்பும்போது தராசை முகையின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு என்னிடம் டப்பாவைக் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து எனக்குத் திரும்பக் கிடைத்த வேலை.

நான் பொடியைப் போட்டேன். முகை ஸ்டூல்மேல் ஏறி, தாடையைக் கையில் வைத்துக்கொண்டு தராசில் தெரியும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல.

"அப்பா, கைய எடு. கை பட்டுச்சுன்னா தப்பாக் காட்டும்."

எடுத்தேன். என் விரல் தட்டின் விளிம்பில் இருந்தது எனக்கே தெரியவில்லை. இருபத்து மூன்று காட்டியது.

"நீ முட்ட சாப்பிடலன்னு அப்பாவுக்குத் தெரியும்" என்றேன். "நீ அன்னிக்கே உண்மைதான் சொன்ன."

அவள் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்றம் அந்த அளவுக்கு இருந்தது.

"இருபத்தஞ்சு வரலப்பா. இன்னும் போடு."

போட்டேன்.